தொடர்பற்ற வனாந்தரத்தில் எந்த வரைபடத்தை நம்புவது?

அறிமுகமில்லாத ஊருக்குப் புறப்படும் எவரும் இன்று வழி கேட்பதற்காகச் சந்தியில் வாகனத்தை நிறுத்துவதில்லை. கையடக்கத் தொலைபேசியின் திரையில் தோன்றும் நீலநிறக் கோடே வழிகாட்டியாகிவிட்டது. தார் வீதியும் தொலைபேசிக் கோபுரமும் உள்ளவரை இதனால் பெரிய தீங்கு எதுவும் நேர்வதில்லை. தவறான ஒழுங்கைக்குள் புகுந்தால் பின்னோக்கி வந்து சரியான ஒழுங்கையைப் பிடித்துக்கொள்ளலாம். ஆனால், தார் வீதி முடிந்து மண் பாதை ஆரம்பமாகும் இடத்தில், தொலைபேசிச் சமிக்ஞையும் அற்றுப்போன பின்னர், அதே நீலக்கோட்டை அதே நம்பிக்கையோடு பின்தொடர்வது உயிராபத்தாக முடியக்கூடும் என்பதைக் கடந்த இருபது வருட கால அனுபவங்கள் எடுத்துக்காட்டியுள்ளன.

2024 பெப்ரவரியில் அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் நடந்ததைப் பார்ப்போம். கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து வடமுனையிலுள்ள பமாகாவை நோக்கிப் பயணித்த இரு ஜெர்மனிய இளைஞர்களைக் கூகுள் மெப்ஸ் பிரதான வீதியிலிருந்து விலக்கி, ஓயலா துமொட்டாங் தேசிய பூங்காவினூடாகச் செல்லும், மூடப்பட்டிருந்த பழைய மண் பாதை ஒன்றினுள் அனுப்பிவைத்தது. மேற்பரப்பில் காய்ந்திருந்த மண்ணின் கீழே சேறு இருந்தது. வாகனம் புதைந்தது. தொலைபேசித் தொடர்பும் இல்லை. அவ்விருவரும் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரம் கால்நடையாக நடந்தே கோயன் என்ற சிற்றூரை வந்தடைந்தனர். இதற்கு ஒரு வாரத்துக்கும் மேல் சென்றது. தொலைதூரப் பிரதேசங்களில் கூகுள் வரைபடத்தை மாத்திரம் நம்ப வேண்டாமென அப்பூங்காவின் அதிகாரிகள் பின்னர் எச்சரித்தனர்.

அவர்கள் உயிருடன் மீண்டனர். எல்லோரும் அவ்வாறு மீள்வதில்லை. 2011 மார்ச் மாதத்தில் கனடாவிலிருந்து லாஸ் வேகாஸ் நோக்கிச் சென்ற தம்பதியர், வாகனத்திலிருந்த வழிகாட்டிக் கருவி தெரிவுசெய்த மலைப்பாதையில் சென்று நெவாடா மாநிலத்தின் காட்டில் சிக்கினர். உதவி தேடிப் புறப்பட்ட கணவர் திரும்பவில்லை. ஏழு வாரங்களின் பின்னர் வேட்டைக்குச் சென்றவர்களால் மனைவி உயிருடன் கண்டுபிடிக்கப்பட்டார். கணவரின் எச்சங்கள் மறுவருடமே கிடைத்தன. மத்திய கிழக்கில் தொழில் புரியும் எமது வாசகர்கள் மற்றொரு செய்தியையும் அறிந்திருப்பர். 2024 ஓகஸ்டில் சவூதி அரேபியாவின் ரப் அல் காலி பாலைவனத்தில், தெலுங்கானாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் அவருடன் பயணித்த சூடானியரும் வழி தவறி உயிரிழந்தனர். வழிகாட்டிச் சமிக்ஞை செயலிழந்ததாகவும், எரிபொருளும் தொலைபேசியின் மின்கலமும் தீர்ந்துபோனதாகவும் செய்திகள் தெரிவித்தன.

இந்நிலையில், வீதியற்ற நிலப்பரப்பில் வாகனம் செலுத்துவோருக்கென இன்று கிடைக்கும் செயலிகளுள் எதனை எதற்காகத் தெரிவு செய்வது என்ற வினா வெறும் பொழுதுபோக்குச் சார்ந்த ஒன்றன்று. அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் வளைகுடா நாடுகளிலும் வாழும் எமது உறவுகள் விடுமுறை நாட்களில் நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனங்களில் குடும்பத்தோடு இத்தகைய இடங்களுக்குச் செல்வது வழமையாகிவிட்டது. ஆகவே இதனைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். இணைய இணைப்பு இல்லாவிடின் ஜி.பி.எஸ். இயங்காது எனப் பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. பூமியிலிருந்து சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றிவரும் செய்மதிகள் ஒலிபரப்பும் நேரக் குறிப்புகளைத் தொலைபேசி வானொலிப் பெட்டியைப்போல வாங்கிக்கொள்கின்றது. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் அது தன் இடத்தைத் தானே கணித்துக்கொள்ளும். இதற்குக் கோபுரமும் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை. வலையமைப்பு உள்ளபோது செய்மதிகளின் இருப்பிட விபரங்களைத் தொலைபேசி இணையத்தின் வழியே நொடிப்பொழுதில் பெற்றுவிடும். வலையமைப்பு இல்லாதபோது அதனைச் செய்மதியிடமிருந்தே கேட்டறிய வேண்டும். செய்மதியோ செக்கனுக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்திலேயே பேசுகின்றது. ஆகவேதான் காட்டுக்குள் தொலைபேசியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் இடத்தைக் காட்டச் சில நிமிடங்கள் எடுக்கின்றது. இது பழுதன்று. பொறுமை காத்தால் போதும்.

ஆகவே இணைப்பு அறுந்தவுடன் இல்லாமற் போவது உங்கள் இடம் பற்றிய அறிவன்று, வரைபடமே. வெறும் சாம்பல்நிறத் திரையின் நடுவே ஒரு நீலப் புள்ளி மாத்திரம் எஞ்சும். வீட்டிலிருக்கும்போது ஒருமுறை பார்த்த வரைபடம் தொலைபேசியில் தங்கியிருக்கும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. அதன் சில துண்டுகள் தற்காலிகமாகத் தங்கக்கூடும். எத்துண்டு தங்கியது, எது அழிந்தது என்பதை உரிய இடத்துக்குப் போன பின்னர்தான் அறியலாம். முறையாகத் தரவிறக்கம் செய்யப்பட்ட வரைபடமே வரைபடம்.

அதே சமயம், பெரும்பாலான அனர்த்தங்களில் தவறிழைத்தது செய்மதியும் அன்று, தொலைபேசியும் அன்று. வரைபடத்தின் பின்னாலிருக்கும் தரவே தவறிழைத்தது. 2012 டிசெம்பரில் விக்டோரியா மாநிலப் பொலிஸார் விடுத்த எச்சரிக்கை இதற்கு நல்ல உதாரணம். அவ்வேளை புதிதாக வெளிவந்திருந்த அப்பிள் வரைபடம் மில்டுரா நகரை அது உள்ள இடத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தள்ளி, மரே-சன்செற் தேசிய பூங்காவின் நடுவே காட்டியது. அங்கு நீர் இல்லை. வெப்பம் 46 பாகை செல்சியஸ் வரை உயரக்கூடிய இடம். சில சாரதிகள் உணவும் நீருமின்றி 24 மணித்தியாலங்கள் வரை அங்கு தவித்தனர். பின்னர் வெளிவந்த விளக்கம் சுவையானது. அவுஸ்திரேலியாவின் உத்தியோகபூர்வ இடப்பெயர் அட்டவணையில் மில்டுரா என்ற பெயர் இருமுறை இடம்பெற்றிருந்தது. ஒன்று நகரம், மற்றையது அப்பெயரைக் கொண்ட பரந்த நிர்வாகப் பிரதேசத்தின் மையப்புள்ளி. மனிதர் எவரும் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளமாட்டார். இயந்திரம் குழப்பிக்கொண்டது. அப்பிள் நிறுவனம் ஒரிரு நாட்களில் அதனைத் திருத்தியது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

எனவே செயலிகளை ஒப்பிடும்போது திரையின் அழகையோ குரலின் இனிமையையோ பார்ப்பதில் பயனில்லை. இந்தப் பாதை இங்கு உள்ளது என்று இச்செயலிக்குச் சொன்னவர் யார் என்பதே முதலாவது கேள்வியாக இருக்க வேண்டும்.

கூகுள் மெப்ஸை எடுத்துக்கொண்டால், அது நகரத்துக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் பிறந்தது. ஒரு பிரதேசத்தைத் தெரிவுசெய்து தரவிறக்கம் செய்து வைத்தால், இணைப்பின்றியும் வாகனத்துக்கான வழியைக் கூறும். நடந்து செல்வோருக்கான வழியை அந்நிலையில் அது கூறாது என்பதை அறிந்துவைத்திருத்தல் நன்று. தரவிறக்கம் செய்த பகுதி குறித்த காலத்தின் பின் காலாவதியாகும். இவற்றைவிடப் பாரதூரமான குறை யாதெனில், மண் பாதையொன்று மழையில் சேறாகுமா, ஆற்றைக் கடக்கின்றதா, தனியார் காணிக்குள் செல்கின்றதா என்ற விபரங்களை அதனிடம் பெரும்பாலும் எதிர்பார்க்க முடியாது. கோடு இருந்தால் அதற்கு அது வீதி. 2023 இல் ஐபோன்களில் இணைப்பற்ற வரைபட வசதியை வழங்கத் தொடங்கிய அப்பிளின் நிலையும் இவ்விடயத்தில் பெரிதும் வேறன்று.

அடுத்ததாக, ஓப்பன்ஸ்ட்ரீட்மப் என்ற பொதுத் தரவில் தங்கியிருக்கும் செயலிகள் உள்ளன. 2004 இல் இங்கிலாந்தில் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டத்தில், கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவைப்போல, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களே வரைபடத்தை வரைகின்றனர். ஓர்கானிக் மெப்ஸ், ஓஸ்ம்அன்ட் ஆகிய இரண்டும் இதிலிருந்து பிறந்தவை. முன்னையது விளம்பரமற்றது, இலவசமானது, எளிமையானது. முழு நாட்டின் வரைபடத்தையும் சிறிய இடத்தில் அடக்கிவிடும். (அதன் நிர்வாகம் பற்றிய கருத்து முரண்பாட்டினால் 2025 இல் கோமெப்ஸ் என்ற கிளை தனியே பிரிந்தது. பாவனையாளருக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே.) பின்னையது பழகுவதற்குக் கடினமானது. தெரிவுகள் மலைபோல் குவிந்திருக்கும். இலவசப் பதிப்பில் தரவிறக்கத்துக்கு வரம்பும் உண்டு. ஆயினும் பாதையின் தரத்தைக் காட்டுவதில் அதற்கு நிகரான இலவசச் செயலி வேறில்லை என்பது எமது கருத்து.

பாதையின் தரம் என்று கூறியதைச் சற்று விளக்க வேண்டும். ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் ஒரு மண் பாதையை வரைபவர் அதற்கு ஐந்து தரங்களில் ஒன்றை இடலாம். முதலாம் தரமெனில் கெட்டியான கல்லிட்ட தளம். ஐந்தாம் தரமெனில் வெறும் மண்ணோ மணலோ புல்லோதான். நான்கு சில்லுகளும் இயங்கும் வாகனத்துக்கு மாத்திரம் உரியது எனத் தனிக் குறிப்பும் சேர்க்கலாம். இது அருமையான ஏற்பாடு. ஆனால் இட்டால்தானே உண்டு! செய்மதிப் படத்தைப் பார்த்து எங்கோ ஒரு நாட்டிலிருந்து வரைந்தவருக்கு அம்மண் எத்தகையதென எவ்வாறு தெரியும்? தன்னார்வலர்கள் அடிக்கடி செல்லும் ஐரோப்பிய மலைகளில் இத்தரவு வியக்கத்தக்க துல்லியம் கொண்டது. எவரும் செல்லாத பாலைவனத்தில் அது பத்து வருடங்களுக்கு முந்திய ஒரு கோடாக மட்டுமே இருக்கலாம். இரண்டும் திரையில் ஒரேவிதமாகத்தான் தோன்றும்.

இக்குறையை நிவர்த்தி செய்வதற்கென்றே கட்டணம் அறவிடும் சிறப்புச் செயலிகள் வந்தன. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த ஒன்எக்ஸ் நிறுவனம், எந்தக் காணி அரசுடையது, எது தனியாருடையது என்பதை வேட்டைக்காரர்களுக்குக் காட்டும் வரைபடங்களுடன் தொழிலை ஆரம்பித்தது. அதன் ஓப்ரோட் செயலி பாதைகள் திறந்திருக்கும் காலம், அனுமதிக்கப்படும் வாகன அகலம், கடினத்தன்மை ஆகியவற்றைத் தருகின்றது. அமெரிக்காவில் இதற்குச் சட்ட முக்கியத்துவமும் உண்டு. அந்நாட்டு வனச் சேவையின் 2005 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு தேசிய வனத்துக்கும் மோட்டார் வாகனப் பாவனை வரைபடம் ஒன்று வெளியிடப்படுகின்றது. அதில் காட்டப்படாத பாதை, கண்ணுக்கு எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், தடுப்போ அறிவித்தற் பலகையோ இல்லாவிட்டாலும் மூடப்பட்டதே. அதனை அறிந்திருப்பது சாரதியின் பொறுப்பு. அந்த வரைபடத்தை வனச் சேவை இலவசமாகவே வழங்குகின்றது என்பதும் குறிப்பிடத்தக்கது.

2021 இல் அவுட்சைட் நிறுவனத்தின் கைக்கு மாறிய கையா ஜி.பி.எஸ். வேறுவகையானது. அது வரைபடங்களின் நூலகம். அமெரிக்க புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப் படங்கள், செய்மதிப் படங்கள், மேற்கூறிய வனச் சேவை வரைபடங்கள் ஆகியவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்க்கலாம். இணைப்பின்றிப் பாவிக்கச் சந்தா செலுத்த வேண்டும். வாசிக்கத் தெரிந்தவருக்கு இதனைவிடச் சிறந்த துணை இல்லை. 'இடப்பக்கம் திரும்புக' என்று சொல்லும் குரலை எதிர்பார்ப்பவருக்கு இது ஏமாற்றமளிக்கும்.

அவுஸ்திரேலியாவைப் பொறுத்தவரை, 1983 இல் பிரிஸ்பேனில் ஆரம்பிக்கப்பட்ட ஹேமா நிறுவனத்தின் வரைபடங்களையும் அவற்றை அடிப்படையாகக் கொண்ட செயலியையும் பலரும் நம்புகின்றனர். அந்நிறுவனம் தனது சொந்த வாகனங்களை உள்நாட்டுப் பாதைகளில் ஓட்டிச்சென்று பதிவு செய்த தரவே அதன் பலம். தொடக்கத்தில் எழுப்பிய 'சொன்னவர் யார்' என்ற கேள்விக்கு 'ஓட்டிப் பார்த்தவர்' என்ற பதில் கிடைக்கும் இடம் இது.

வரைபடங்களின் வடிவத்திலும் ஒரு வேறுபாடு உண்டு. ஓர்கானிக் மெப்ஸ் போன்றவை கோடுகளையும் அவற்றின் இயல்புகளையும் எண்களாகச் சேமிக்கின்றன. ஆதலால் சிறிய இடம் போதும், வழியையும் கணிக்கலாம். கையாவிலும் ஹேமாவிலும் உள்ள பல வரைபடங்கள் அச்சுப் படத்தின் பிரதிகளாகும். உருப்பெருக்கத்தின் ஒவ்வொரு படிக்கும் துண்டுகளின் எண்ணிக்கை நான்கு மடங்காவதால் அவை தொலைபேசியை நிறைத்துவிடும். ஆனால் அச்சுப் படத்தில் வரைந்தவரின் எழுத்தும் உண்டு. 'மழைக்காலத்தில் செல்ல இயலாது', 'இறுதி நீர் நிலை' என்று அவர் ஓரத்தில் எழுதிய ஒரு வரி, ஓர் உயிரின் பெறுமதி கொண்டதாக இருக்கக்கூடும்.

அதற்காகத் தாளை வழிபடவும் நாம் தயாரில்லை. 2006 ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் ஒரிகன் மாநில மலைகளில் பனியில் சிக்கிய குடும்பமொன்று, தாள் வரைபடத்தைப் பார்த்தே அவ்வழியைத் தெரிவு செய்திருந்தது. அது குளிர்காலத்தில் மூடப்படக்கூடிய வழி என்ற எச்சரிக்கை அவ்வரைபடத்திலேயே அச்சிடப்பட்டிருந்தது. தொழில்நுட்ப இதழாளரான தந்தை உதவி தேடிச் சென்று குளிரில் இறந்தார். தாயும் இரு பிள்ளைகளும் மீட்கப்பட்டமைக்கு, அவர்களது கையடக்கத் தொலைபேசி ஒரு கணம் கோபுரத்தைத் தொட்ட தடயமே உதவியது. தாள் எச்சரித்தது, எவரும் வாசிக்கவில்லை. தொலைபேசி வழிகாட்டவில்லை, ஆயினும் காப்பாற்றியது.

இங்கேதான் பலரும் கவனியாத இன்னொரு விடயம் வருகின்றது. ஜி.பி.எஸ். ஒருவழித் தொடர்பு. நீங்கள் எங்கிருக்கின்றீர்கள் என்பதை உங்களுக்கு அது கூறும், பிறருக்குக் கூறாது. எவ்வளவு விலையுயர்ந்த வரைபடச் செயலியும் மீட்புக் குழுவை அழைக்கமாட்டாது. அதற்கெனச் செய்மதித் தொலைபேசியோ, 406 மெகாஹேட்ஸ் அலைவரிசையில் அபாயச் சமிக்ஞை அனுப்பும் சிறு கருவியோ தனியே வேண்டும். 2022 இன் பின்னர் வந்த ஐபோன்களில் செய்மதி வழியான அவசர அழைப்பு உள்ளதெனினும் அது எல்லா நாடுகளிலும் இயங்குவதில்லை. மேலும், தொலைபேசி வெப்பத்தில் செயலிழக்கும். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 பாகைக்கு மேற்படாத இடத்தில் பாவிக்குமாறு அப்பிள் நிறுவனமே கூறுகின்றது. மில்டுராவின் 46 பாகையில், கண்ணாடிக்குக் கீழே வெயிலில் பொருத்தப்பட்ட தொலைபேசியின் கதி என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. குளிரூட்டியின் காற்று படும் இடத்தில் அதனைப் பொருத்துவதும், அதே வரைபடங்களைத் தரவிறக்கிய இரண்டாவது தொலைபேசியொன்றை வைத்திருப்பதும் செலவில்லாத காப்புறுதி.

எமது தெரிவு எதுவெனக் கேட்டால், ஒரே செயலியை நாம் சிபாரிசு செய்யமாட்டோம். அவுஸ்திரேலிய உள்நாட்டுக்கு ஹேமாவும், அமெரிக்கக் காடுகளுக்குக் கையாவோ ஒன்எக்ஸ்ஸோ முதன்மையாக இருக்கட்டும். அவற்றோடு ஓஸ்ம்அன்ட் அல்லது ஓர்கானிக் மெப்ஸ் எப்போதும் துணையாக இருக்கட்டும். சந்தா எடுக்க வசதியற்றவர் ஓஸ்ம்அன்ட்டையும் அரசு வெளியிடும் இலவச வரைபடங்களையும் கொண்டே பெருமளவு சமாளிக்கலாம். இரு வேறு தரவுகளிலிருந்து வந்த வரைபடங்கள் ஒரே பாதையைக் காட்டினால் ஓரளவு நம்பலாம். ஒன்றில் மட்டும் கோடு உள்ளதெனில் அது கேள்விக்குரியது. ஆனால் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் தங்கியுள்ள இரு செயலிகள் ஒத்துப்போவது இரு சாட்சிகள் ஆகாது, ஒரே சாட்சி இருமுறை பேசுவதாகும். எந்தச் செயலி எதனைக் கூறினாலும் பாதை மூடப்பட்டுள்ளதா என்பதைப் பூங்கா நிர்வாகத்திடமே கேட்டறிய வேண்டும். உதாரணமாக, சிம்சன் பாலைவனப் பூங்கா ஒவ்வொரு வருடமும் டிசெம்பர் முதலாம் திகதி முதல் மார்ச் 15 வரை வெப்பத்தின் காரணமாக மூடப்படுகின்றது. கோடு வருடம் முழுவதும் திரையில் இருக்கும்.

புறப்படுவதற்கு முதல் நாள் செய்யக்கூடிய எளிய பரிசோதனையொன்றும் உண்டு. வீட்டு முற்றத்தில் நின்று தொலைபேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றி, செயலியை மூடித் திறந்து, போகவேண்டிய இடத்தைத் தேடிப் பாருங்கள். வரைபடம் முழு உருப்பெருக்கத்தில் தெரிகின்றதா, வழியைக் கணிக்கின்றதா என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இலங்கையைப் பொறுத்தவரை இவ்வளவு பெரிய பாலைவனங்கள் எம்மிடம் இல்லை. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வீசியபோது, மலையகத்தில் மண்சரிவுகளால் வீதிகள் அறுந்து, மின்சாரமும் தொலைத்தொடர்பும் பல இடங்களில் ஒருசேர இல்லாமற்போயின. உறவினரைத் தேடிச் சென்றவர்களுக்கும் நிவாரணம் கொண்டு சென்றவர்களுக்கும் தோட்டப் பாதைகளே எஞ்சியிருந்தன. அத்தகைய வேளையில் முன்கூட்டியே தரவிறக்கிய நாட்டு வரைபடமொன்று தொலைபேசியில் இருப்பது ஆடம்பரமன்று. அதேவேளை வடக்கில் மிதிவெடி அகற்றும் பணி இன்னமும் முற்றுப்பெறவில்லை என்பதையும், எந்தச் செயலியின் கோடும் அபாயப் பலகையை மீறுவதற்கு அனுமதியாகாது என்பதையும் வன்னிப் பக்கம் செல்வோர் மனதிற்கொள்ள வேண்டும்.

எமது கிராமங்கள் பலவற்றின் பெயர்கள் இவ்வரைபடங்களில் தமிழில் இல்லை, சிலவற்றின் பெயர்களே இல்லை. தோட்டப் பிரிவுகளும், குளங்களும், பள்ளிவாசல்களும், கோயில்களும் அவ்வாறே. உள்ளூரில் பிறந்து வளர்ந்த ஒருவர் ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் இலவசமாகக் கணக்கொன்றை ஆரம்பித்து, ஆங்கிலப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் சேர்க்கலாம். ஓர்கானிக் மெப்ஸ் செயலிக்குள்ளிருந்தே இடங்களின் பெயர்களைத் திருத்தி அனுப்பவும் முடியும். அடுத்த பதிப்பைத் தரவிறக்குவோருக்கு அப்பெயர் இணைப்பின்றியும் தெரியும்.